சும்மாட்டு முடிச்சு

பயப்படுவதற்கு எனக்குக் காரணம் எதுவும் தேவையில்லை. கேஸ் அடுப்பை அணைத்தேனா என்ற சந்தேகத்தில் பள்ளிக்கூட வாசல்வரை போய் வண்டியைத் திருப்பியிருக்கிறேன். வீட்டில் யாராவது தொடர்ந்து தும்மினால் மனசு அதற்குள் ஆஸ்பத்திரியில் டோக்கன் வாங்கி உட்கார்ந்திருக்கும். அப்பா வெளியே கிளம்பும்போதெல்லாம் "பாத்துப் போங்கப்பா" என்பேன். தெருமுனைக்குப் பால் வாங்கப் போனாலும் சொல்வேன். ஒரு நாள் அவர் பாத்ரூமுக்குப் போகும்போதும் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். "அங்க எதைம்மா பாக்கணும்?" என்று கேட்டார். என் வீட்டுக்காரர் அந்த வாரம் முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

இந்தப் பயம் எல்லாம் சேர்ந்து என் கட்டைவிரல் நகத்துக்கு வந்து நின்றது. கடித்துக் கடித்து சதைவரை போய்விட்டேன். ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு நடத்துகிறவள் கரும்பலகை முன்னால் விரலைக் கடித்துக்கொண்டு நின்றால் பிள்ளைகள் எதைக் கற்றுக்கொள்ளும்? கைக்கு வேலை கொடுத்தால் வாய் சும்மா இருக்கும் என்பது என் வீட்டுக்காரரின் கண்டுபிடிப்பு. திருநகரில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலிருக்கும் பேக்கரி மாடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் கைவேலை வகுப்பு நடக்கிறது என்று யாரோ சொல்ல, என்ன கைவேலை என்றுகூடக் கேட்காமல் எங்கள் இருவர் பெயரையும் கொடுத்துவிட்டு வந்தார்.

மாடிப்படி ஏறும்போதே தெரிந்துவிட்டது. கீழே கேக் வாசனை, பாதிப் படிக்கு மேல் தோல் வாசனை. அவர் என் முகத்தைப் பார்த்தார். "வேண்டாம்னா இப்பவே கெளம்பிரலாம்" என்றார். எங்கள் வீட்டு விஷயம் அவருக்குத் தெரியும்.

அப்பா தோலைத் தொடமாட்டார். பெல்ட் ரெக்ஸின், செருப்பு ரப்பர், கைக்கடிகாரத்துக்கு ஸ்டீல் செயின். பர்ஸ்கூடத் துணியில் தைத்ததுதான். வில்லாபுரத்தில் நாங்கள் குடியிருந்தபோது அக்கம்பக்கத்தில் இருந்தவர்கள் அவரை ஜீவகாருண்யம் பார்க்கிறவர் என்று நினைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் நல்லி எலும்பை உறிஞ்சும் சத்தம் சுவர் தாண்டிக் கேட்ட பிறகும் அப்படியே நினைத்தார்கள். அப்பாவும் அவர்களைத் திருத்தப் போகவில்லை. விஷயம் வேறு. எங்கள் தாத்தா எழுமலையில் செருப்புத் தைத்தவர். கிணற்றிலிருந்து மாடு கட்டித் தண்ணீர் இறைத்த காலத்தில் அதற்கான தோல் பையும் தைத்துக் கொடுத்தவர். அப்பா படித்தார், அரசாங்க வேலைக்கு வந்தார், கணக்குப் பிரிவிலேயே இருந்து ஓய்வு பெற்றார். தாத்தாவின் தொழிலைப் பற்றி அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்ததில்லை. தோல் வீட்டுக்குள் வரக்கூடாது, அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும். அம்மா போன பிறகு அவர் எங்களோடு திருநகருக்கு வந்தார். அந்தச் சட்டமும் கூடவே வந்தது.

அப்படியிருந்தும் நான் அந்த வகுப்பில் உட்கார்ந்தேன். ஏன் என்று கேட்டால் கோபம்தான். அங்கே ஒரு டாக்டரம்மா, வங்கியில் வேலை பார்க்கும் இளைஞன், கல்லூரிப் பெண்கள் இரண்டு பேர் என்று ஒரு சின்னக் கூட்டம் இருந்தது. அவர்களுக்குத் தோல் ஒரு பொழுதுபோக்கு. தொட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டு போய் கீழே பஃப்ஸ் சாப்பிடுவார்கள். நான் மட்டும் எதற்கு எழுந்து ஓட வேண்டும் என்று ஒரு வீம்பு வந்தது. கோபத்தில் நான் எடுக்கும் முடிவுகளுக்கு எங்கள் வீட்டில் அவ்வளவு நல்ல பெயர் கிடையாது. இதுவும் அந்த வரிசையில் சேர்ந்தது.

சொல்லிக்கொடுத்தவள் என் பழைய மாணவிகள் வயதிலிருந்த ஒரு பெண். வெளியூரில் டிசைன் படித்தவள். பர்ஸ், சாவிக்கொத்து என்று ஆரம்பித்துக் கடைசியில் அலங்கார முடிச்சுக்கு வந்தாள். ஒரே ஒரு நீளத் தோல் வார்தான். அதை ஒரு குழாயின்மேல் சுற்றிச் சுற்றி, ஒரு தடவை மேலே, அடுத்த தடவை கீழே என்று நுழைத்துக்கொண்டே வந்தால், தொடக்கமும் முடிவும் தெரியாத ஒரு பின்னல் வளையம் குழாயைக் கவ்விக்கொள்ளும். அதற்கு அவள் ஏதோ வெளிநாட்டுப் பெயர் சொன்னாள். என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "தண்ணிக் குடத்துக்கு வைக்கிற சும்மாடு மாதிரில்ல இருக்கு" என்றார். எங்களுக்கு அதுவே பெயராகிவிட்டது. அவர் ஒரு சாவிக்கொத்தோடு நின்றுவிட்டார். நான் சும்மாட்டு முடிச்சில் மாட்டிக்கொண்டேன்.

எனக்கு அது வரவே இல்லை. பாதி பின்னியிருக்கும்போதே வார் தொடங்கிய இடத்துக்குத் திரும்பி வந்து நின்றுவிடும். வளையத்தில் பாதி காலியாகக் கிடக்கும். இதற்குமேல் போக வழியும் இருக்காது. ஒவ்வொரு முறையும் ஏதோ பரீட்சையில் விடைத்தாளைப் பிடுங்கிக்கொண்டதுபோல இருக்கும். ஒரு நாள் எரிச்சலில் சுற்றுகளையும் விளிம்பில் விழும் வளைவுகளையும் எண்ணிப் பார்த்தேன். ஆறு, நான்கு. இரண்டுக்கும் பொதுவாக இரண்டு வகுத்தியாக நிற்கிறது. மீப்பெரு பொது வகுத்தி ஒன்றாக இருந்தால்தான் ஒரே வார் எல்லா இடத்தையும் சுற்றி வரும். பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் தொண்டை வற்றக் கத்துகிற விஷயம், என் மடியிலேயே கிடந்திருக்கிறது. ஐந்து, நான்கு என்று மாற்றினேன். வார் எல்லா இடமும் சுற்றிவிட்டுச் சரியாக வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

டாக்டரம்மா அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். நல்ல மனுஷி, மனதாரத்தான் சொன்னார். "கைவந்த கலை மாதிரில்ல இருக்கு உங்களுக்கு. சொந்த ஊர் எது?"

"எழுமலை."

"எழுமலையில எங்க?"

மதுரைப் பக்கத்தில் இந்த இரண்டாவது கேள்வி எதற்கு என்று எல்லோருக்கும் தெரியும். அவர் அதற்குத்தான் கேட்டாரா, பேச்சுவாக்கில் வந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. உள்ளங்கை வேர்த்துவிட்டது. "பஸ் ஸ்டாண்டு பக்கம்" என்றேன். வீட்டுக்கு வரும் வழியில் என் வீட்டுக்காரர், "எழுமலையில பஸ் ஸ்டாண்டு பக்கம் இல்லாத தெரு ஏதாச்சும் இருக்கா?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வார்களை வீட்டுக்குள் கொண்டுபோக முடியாது. அப்பாவுக்குக் கண்ணில் லேசாகப் புரை விழுந்திருந்தாலும் மூக்கு நன்றாகவே வேலை செய்தது. ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் பூட்டி வைத்தேன். சித்திரை வெயிலில் பள்ளிக்கூட ஷெட்டில் நின்ற வண்டிக்குள் அவை அப்பளமாகக் காய்ந்து, வளைத்த இடத்தில் எல்லாம் வெடித்தன. அதன் பிறகு மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் ஒரு டப்பாவில் வைத்தேன். அப்பா மாடி ஏறமாட்டார், மூட்டு விடாது. ஆனாலும் கீழே அவர் இருமினால் மேலே நான் டப்பாவை மூடிவிடுவேன்.

அப்படி இருக்கும்போதுதான் அப்பா வழுக்கினார்.

எங்கள் வீட்டு கேட்டுக்கு வெளியே வண்டி ஏற்ற ஒரு சரிவு இருக்கிறது. மூட்டு வலிக்காக டாக்டர் தடி வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார். உருண்டைத் தலை வைத்த மரத் தடி, பாலிஷ் போட்டுப் பளபளவென்று இருக்கும். அப்பாவுக்கு உள்ளங்கை எப்போதும் ஈரம். சரிவில் இறங்கும்போது தடி நின்றது, கை வழுக்கிக் கீழே போனது, அவரும் கூடவே போனார். நல்லவேளை, எதிர்வீட்டுக்காரர் தாங்கிப் பிடித்துவிட்டார். முழங்கையில் சிராய்ப்போடு போயிற்று. இடுப்பு எலும்பு உடைந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நான் முழுசாக, கட்டில், பெட்பேன் எல்லாம் சேர்த்து, மனதுக்குள் வாழ்ந்து முடித்துவிட்டேன்.

தடிக்குத் துணி சுற்றினேன், சுழன்றது. சைக்கிள் கைப்பிடி ரப்பர் வாங்கி மாட்டினேன், வேர்வையில் அதுவும் திரும்பியது. நைலான் கயிற்றில் சும்மாட்டு முடிச்சுப் போட்டுப் பார்த்தேன். பார்க்க அழகாக இருந்தது, பிடித்து அழுத்தினால் நழுவியது. எது நிற்கும் என்று எனக்குத் தெரியும். தோல் வாரை ஈரமாகப் பின்னினால் காயக் காய இறுகி மரத்தைக் கவ்வும். அதன்மேல் வேர்வைக் கை வழுக்காது. அப்பா மறுபடி விழாமல் இருக்க வழி மொட்டை மாடி டப்பாவில் இருக்கிறது. அதை அவர் கையில் கொடுப்பதும் முடியாது, கொடுக்காமல் இருப்பதும் முடியாது. நகம் கடிக்கும் பழக்கம் திரும்பி வந்தது.

"ரெக்ஸின்னு சொல்லிரு. அவருக்கு எங்க தெரியப்போகுது" என்றார் என் வீட்டுக்காரர். நானும் அப்படியே சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன்.

அந்த நேரம் பார்த்து எழுமலையிலிருந்து அத்தை வந்தாள், அப்பாவின் தங்கை. பக்கத்தில் ஒரு கல்யாணம். வடகம் காய்ந்துவிட்டதா என்று பார்க்க மாடிக்கு வந்தவள், என் மடியில் கிடந்ததைப் பார்த்துவிட்டாள்.

"ஏத்தா, இது என்ன வாரு?"

"சும்மா பழகுறேன் அத்தை."

"எங்கண்ணன் பாத்துச்சா?"

"இல்ல."

"பாத்திராம பாத்துக்க" என்று பக்கத்தில் உட்கார்ந்தாள். வாரை எடுத்து விரலில் சுற்றிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தாள். "ஒங்கப்பன் என்னைக்காச்சும் 'வாரேன்'னு சொல்லிக் கேட்ருக்கியா நீயி?"

யோசித்துப் பார்த்தேன். கேட்டதில்லை. நாங்கள் எல்லோரும் வாரேன், போறேன் என்று பேசும் வீட்டில் அப்பா மட்டும் "போயிட்டு வர்றேன்மா" என்று நிறுத்தி நிதானமாகச் சொல்வார். ரேடியோ கேட்டு வளர்ந்த தமிழ் என்று நாங்கள் அவரைக் கேலி செய்வதுண்டு.

"பள்ளிக்கொடத்துல அண்ணன் பேரக் கூப்புட்டா, 'இந்தா வாரேன் சார்'னு எந்திரிக்குமாம். பின்னாடி இருக்கவய்ங்க, 'எந்த வாரு? செருப்பு வாரா, மாட்டு வாரா?'ன்னு கேப்பாய்ங்க. வாத்தியாரும் சேந்து சிரிப்பாராம். வீட்டுக்கு வந்து செவத்தப் பாத்து நின்னுக்கிட்டு, 'வர்றேன், வர்றேன்'னு சொல்லிச் சொல்லிப் பழகுச்சு. புள்ளைக்கு என்னமோ புடிச்சிருச்சுன்னு எங்கய்யா கோடாங்கிகிட்டக் கூட்டிட்டுப் போகப் பாத்தாரு."

சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். எனக்கு அழுகை வந்தது. ஊரே பேசுகிற ஒரு வார்த்தையைச் சின்ன வயதில் வாயிலிருந்து பிடுங்கி எறிந்துவிட்டு, அதன் பிறகு ஒரு நாளும் தவறாமல், தூக்கக் கலக்கத்தில்கூடத் தவறாமல் எச்சரிக்கையாக இருந்திருக்கிறார். நான் என் பயத்தைப் பெரிய பயம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த வகுப்பையே விட்டுவிடலாமா என்று தோன்றியது. மறுநாள் காலையில் அப்பா சரிவில் இறங்கும்போது தடியைப் பிடித்த விரல்கள் வெளுத்துப்போய் நின்றதைப் பார்த்தேன். விட முடியவில்லை.

அத்தை ஊருக்குப் போன மறுநாள், அப்பா மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு தூங்கும் நேரத்தில் தடியை எடுத்துக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்தேன். வாரை ஊறவைத்திருந்தேன். மேலே, கீழே, மேலே, கீழே. கீழே கட்டில் கிறீச்சிட்டால் கை நிற்கும். எங்கே விட்டேன் என்று தெரியாமல் குத்துமதிப்பாகத் தொடர்வேன். ஒருவழியாக முடித்து, வெயிலில் கொஞ்சம் காட்டி, அவர் எழுவதற்குள் கட்டில் தலைமாட்டில் கொண்டுபோய்ச் சாத்திவிட்டேன்.

அப்பா எழுந்து தடியைப் பிடித்தார். கை அங்கேயே நின்றது. மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"யாரு போட்டது?"

"நான்தான்பா."

"தோலா?"

ரெக்ஸின் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் அது வரவில்லை. "ஆமாப்பா. தோல்தான். கை வழுக்காது."

அவர் தடியை மூலையில் சாத்தினார். சுவரைப் பிடித்துக்கொண்டு முகம் கழுவப் போனார்.

அதன் பிறகு அவர் தடியைத் தொடவில்லை. வெளியே போவதையும் நிறுத்திவிட்டார். வீட்டுக்குள் சுவரைப் பிடித்து, நாற்காலியைப் பிடித்து, ஃப்ரிட்ஜைப் பிடித்து நடந்தார். கோபப்படவும் இல்லை. "சாப்பிட்டியாம்மா" என்று எப்போதும்போலக் கேட்டார். அதுதான் என்னைக் கொன்றது. வழுக்கும் தடியாவது கையில் இருந்தது, நான் அதையும் பிடுங்கிவிட்டேன். பள்ளிக்கூடத்தில் இடைவேளை மணி அடித்ததும் வீட்டுக்கு போன் போடுவேன். அவர் எடுக்கும்வரை அடிக்கும் ஒவ்வொரு ரிங்கிலும் அவர் ஒரு தடவை விழுவார். கரும்பலகையில் எழுதிய கணக்கைப் பிள்ளைகள் திருத்தினார்கள்.

கடைசியில் ஒரு சனிக்கிழமை, போதும் என்று பிளேடை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனேன். அறுத்து எறிந்துவிட்டுப் பழைய தடியாகக் கொடுத்துவிடுவது என்று முடிவு. தடியை மடியில் வைத்து, முடிச்சுக்கு அடியில் பிளேடை நுழைத்தேன்.

"அறுக்காத" என்றார் அப்பா.

கட்டிலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் கண்ணாடியைக் கழற்றவில்லை. "அந்தத் தப்பை மட்டும் சரி பண்ணு."

"எந்தத் தப்பு?"

"ஜன்னல் பக்கம் திருப்பு. மேல, கீழ, மேல, கீழன்னு வருதா? அந்த எடத்துல மட்டும் பாரு. மேல, மேல."

பார்த்தேன். கட்டில் கிறீச்சிட்டபோது விட்ட இடம். அவர் அந்தத் தடியைப் பார்க்கவே இல்லை என்று நினைத்திருந்தேன். ஆள் இல்லாத நேரத்தில் எடுத்து வைத்து, அலுவலகத்தில் கணக்குப் பேரேட்டைச் சரிபார்ப்பதுபோலச் சுற்றுச் சுற்றாகச் சரிபார்த்திருக்கிறார்.

"தெரியலப்பா. அவசரத்துல..."

"தெருவுல போனா பாக்குறவன் பாக்கத்தான் செய்வான். எங்க கத்துக்கிட்டதுன்னு கேக்கத்தான் செய்வான்." பேப்பரை மடித்து வைத்தார். "கேக்கும்போது அதுல தப்பு இருக்கக்கூடாது."

போய்த் தண்ணீர் கொண்டுவந்தேன். வாரை நனைத்து இளக்கி, தப்பான இடம்வரை அவிழ்த்தேன். அவர் கட்டில் விளிம்புக்கு நகர்ந்து வந்து உட்கார்ந்தார். கணக்குப் பிரிவில் ஒருவர் வாசிக்க ஒருவர் டிக் அடிப்பார்களாம், அப்படி அவர் வாசித்தார். "மேல." நுழைத்தேன். "கீழ." நுழைத்தேன். ஒரு இடத்தில் வார் மாட்டிக்கொண்டு வர மறுத்தபோது அவர் கை தன்னை அறியாமல் நீண்டது. பாதியில் நின்றது. அப்புறம் வந்து, தடி திரும்பாமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டது. நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்தால் எடுத்துவிடுவாரோ என்று பயமாக இருந்தது.

இரண்டு நாள் காயவிட்டோம். மூன்றாம் நாள் சாயங்காலம் அவர் சட்டையை மாற்றிக்கொண்டு, தடியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். கூட நடக்கப் போகும் எதிர்வீட்டுக்காரர் கேட் அருகே நின்றுகொண்டிருந்தார். நான் கதவுக்குப் பின்னாலேயே நின்றேன்.

"என்ன சார், தடி புதுசா இருக்கு? தோல் மாதிரி தெரியுது? நீங்கதான் தோலே தொடமாட்டீங்களே."

"தோல்தான். எம் மக போட்டது."

"அட. நல்லா நெருக்கமாப் பின்னியிருக்காங்களே." அவர் குனிந்து, முடிச்சை விரலால் தடவிப் பார்த்தார். "எங்க கத்துக்கிட்டாங்க இதெல்லாம்?"

அப்பா குனிந்து முடிச்சைப் பார்த்தார். என் கட்டைவிரல் வாய்க்குள் போய்விட்டது.

"பேக்கரி மாடியில" என்றார்.

எதிர்வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். அப்பா சிரிக்கவில்லை. தடியைச் சரிவில் ஊன்றினார். கை முடிச்சின்மேல் அழுந்தி நின்றது, நழுவவில்லை. ஒரு காலை இறக்கினார், அடுத்த காலை இறக்கினார். சமதரைக்கு வந்ததும் நின்று, நான் கதவுக்குப் பின்னால் நிற்பது தெரிந்தவர்போல வீட்டுப் பக்கம் தலையைத் திருப்பினார்.

"வாரேன்த்தா" என்றார்.

அவர்கள் தெருமுனை திரும்பும்வரை அங்கேயே நின்றேன். அதற்கப்புறம்தான் நினைவு வந்தது, பாத்துப் போங்கப்பா என்று நான் சொல்லவே இல்லை.